படுப்பது எளிது, எழுவதுதான் பாடு

ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் முதல் செக்கப்புக்கு வரும்போது, நான் முதலில் கேட்பது “நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?” என்றுதான். கட்டில், பாய், சோபா, ஈசிசேர் என்று வரும் பதிலிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். நான் இதய அறுவை வார்டில் பிசியோதெரபிஸ்ட். அதனால் என் பதில்களில் மாத்திரையைவிடத் தலையணை அதிகம் வரும். மருந்தின் பெயர், அளவு எல்லாம் உங்கள் டாக்டர் வேலை.

அப்பாவுக்கு பைபாஸ் ஆகி 12 நாள். மல்லாந்து படுத்துப் பழக்கமே இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சில் போட்ட கம்பி விட்டுவிடுமா? (மதுரை)

நெஞ்செலும்பை நடுவே நீளவாக்கில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். எலும்பு ஒட்டிப் பிடிக்க 6 முதல் 8 வாரம், முழு பலம் வர ஏறக்குறைய 3 மாதம். கம்பி அதன் பிறகும் உள்ளேயே இருக்கும். தூக்கத்தில் ஒருமுறை புரண்டதால் அது விட்டுவிடாது, பயப்படாதீர்கள்.

ஒருக்களிப்பதில் சர்ஜன்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. வலிக்காவிட்டால் சீக்கிரமே படுக்கலாம் என்பவர்கள் உண்டு. 6 வாரம் மல்லாந்துதான் என்பவர்களும் உண்டு. அப்பாவை அறுத்தவர் என்ன சொன்னாரோ அதுதான் உங்கள் வீட்டுச் சட்டம். அனுமதித்திருந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள இன்னொன்று. மேலே இருக்கும் கை முன்பக்கம் தொங்கி விழுந்தால்தான் நெஞ்சு இழுபடும். அந்தக் கை தலையணைமேல் கிடக்கட்டும். குப்புறப் படுப்பது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

மல்லாந்துதான் என்றால் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். இடுப்பிலிருந்தே படிக்கட்டு மாதிரி தலையணைகளை அடுக்கி, உடம்பைச் சாய்வாக வையுங்கள். தலைக்கு மட்டும் மூன்றை அடுக்கினால் கழுத்து மடங்கி, காலையில் கழுத்துவலி என்று புதுக் கணக்கு ஆரம்பமாகும்.

படுக்கையிலிருந்து எழும்போது உயிர் போகிறது. கட்டில் காலில் பழைய புடவையைக் கட்டி, அதைப் பிடித்து இழுத்து எழுகிறேன். சரிதானா? (திருநெல்வேலி)

முதலில் அந்தப் புடவையை அவிழ்த்துவிடுங்கள், அம்மா. இரண்டு கையாலும் இழுக்கும்போது நெஞ்செலும்பின் இரண்டு பாதியையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். தூக்கம் கெட்டது என்று வருகிறவர்களில் பலருக்குப் படுத்திருக்கும்போது வலியே இருக்காது. ராத்திரி மூன்று முறை பாத்ரூமுக்கு எழுவதில்தான் வலி. அந்த வலிக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி எழுங்கள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப, மரக்கட்டை உருள்வதுபோல் பக்கவாட்டில் உருளுங்கள். இப்போது இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். கால்கள் இறங்கும் பாரமே மேல் உடம்பைத் தூக்கிவிடும். அடியில் இருக்கும் முழங்கை விலாவை ஒட்டியபடி லேசாக ஊன்றினால் போதும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிறகு பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, தொடையின் பலத்தில் எழுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: பாசத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தாங்கினால் போதும்.

முன்பெல்லாம் கையையே தூக்காதே என்று நோயாளிகளைச் சிலையாக்கி வைத்திருந்தோம். அமெரிக்காவில் டல்லாஸ் நகரின் பேய்லர் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2016-இல் வேறொரு வழியை எழுதினார்கள்: மேல் கைகள் விலாவை ஒட்டியே இருக்கட்டும், ஒரு குழாய்க்குள் நிற்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. ‘செய்யாதே’ பட்டியலைவிட மனதில் நிற்கிறது.

இருமல், தும்மல் வந்தால் அதே தலையணையை நெஞ்சில் அழுத்திப் பிடியுங்கள். புரளும்போதோ இருமும்போதோ எலும்பு ‘டொக்’ என்று நகர்வதுபோல் இருந்தாலும், காயத்தில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

எழுபது வருஷம் பாயில் படுத்த உடம்பு. கட்டிலில் தூக்கம் வரவில்லை. ஈசிசேரில் தூங்கலாமா? (கும்பகோணம்)

பாய் இப்போதைக்கு வேண்டாம் ஐயா. தரையிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். துணி ஈசிசேரும் அப்படித்தான். உள்ளே போவது சுகம், வெளியே வருவதற்கு மல்யுத்தம். கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்துவிடும். சாய்வு நாற்காலியில், அதாவது ரிக்ளைனரில், தாராளமாகத் தூங்கலாம். முதல் சில வாரம் பலருக்கு அதுதான் வசதி. ஆனால் பக்கத்து லீவரை நீங்கள் இழுக்காமல், வேறு யாராவது இழுக்கட்டும். கட்டில் என்றால், ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. அந்த உயரம் போதும்.

வலி மாத்திரையை எப்போது போடுவது? கடையில் கேட்டு வாங்கலாமா? (சேலம்)

டாக்டர் எழுதிய ராத்திரி மாத்திரையைப் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். வலி வந்தபின் துரத்திப் பிடிப்பது கஷ்டம். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களுக்கு ஆபத்து. தூக்க மாத்திரையும் அப்படியே, கேட்காமல் வேண்டாம். நீர் பிரிய மாத்திரை இருந்து, அதை ராத்திரி சாப்பாட்டோடு விழுங்கிக்கொண்டிருந்தால் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் முடித்துவிட்டால் ராத்திரி பாத்ரூம் நடை குறையும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. இன்னும் ஒரு தலையணை வைக்கவா? (ஈரோடு)

வைக்காதீர்கள், போனை எடுங்கள். இது தலையணை விஷயம் இல்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் 108. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவோ, வாரத்தில் 2 கிலோவோ கூடினால், சாப்பாட்டால் ஏறியது என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மா ராத்திரி பயங்கரக் கனவு கண்டு அலறுகிறார். பகலெல்லாம் தூங்குகிறார். (கோவை)

ஐ.சி.யூ.வில் இரவு பகல் தெரியாத வெளிச்சத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். சில வாரங்களுக்குக் கனவு முரட்டுத்தனமாகவே வரும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரையும் காரணமாகலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள். காலையில் வாசலில் வெயில்படக் கொஞ்சம் நடக்கட்டும், பகல் தூக்கம் அரை மணியோடு போகட்டும், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். அலறுவது வேறு, ஆள் தெரியாமல் பேசுவது வேறு. வீட்டுக்கு வந்தபின் புதிதாகக் குழப்பம் வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

உள்ளாடை போடாமல் படுத்தால்தான் காயத்துக்கு நல்லது என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

இல்லை. மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும், ஒருக்களித்தால் இன்னும் அதிகமாக. கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி உள்ள பருத்தி உள்ளாடையை ராத்திரியும் போடுங்கள். உராய்ந்தால் காயத்துக்கும் துணிக்கும் நடுவே சுத்தமான பருத்தித் துணி வையுங்கள். இதை டிஸ்சார்ஜ் அன்று யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சம். நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள்.

வால்வு மாற்றியிருக்கிறார்கள். ராத்திரி அமைதியில் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. (திருச்சி)

உலோக வால்வு மூடும் சத்தம். மின்விசிறி ஓடினால் அமுங்கிவிடும். ஒரு மாதத்தில் சுவர்க்கடிகாரம் மாதிரி பழகியும் போகும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோதான் கவலை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

நாலு வயசுப் பேரன் தாத்தா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அழுகிறான். (தஞ்சாவூர்)

படுக்கட்டும், தாத்தாவும் அவனைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். நடுவில் ஒரு திண்டு போடுங்கள். நாலு வயசு உதைக்கு நெஞ்செலும்பு இன்னும் தயாரில்லை.