மருத்துவக் கருவியின் வடிவமைப்பு முடிந்துவிட்டது. டிராயிங்கைத் தொழிற்சாலையிடம் கொடுத்தால் உற்பத்தி தொடங்கிவிடுமா?

கையடக்கக் கருவி ஒன்று, அதோடு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) குழாய் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதிரிகளும் நன்றாக வேலை செய்கின்றன, மருத்துவர்களுக்கும் பிடித்திருக்கிறது. இனி டிராயிங்கைக் கொடுத்தால் போதுமா என்பது கேள்வி.

போதாது. இப்படிப்பட்ட கருவிகளின் உற்பத்திப் பக்கத்தில் வேலை செய்கிறவன் நான். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வடிவமைப்பில் பாதிதான் முடிந்திருக்கிறது. ஐந்து மாதிரிகளைச் செய்த விதம் வேறு, ஆயிரக்கணக்கில் செய்யப்போகும் விதம் வேறு. அந்த இரண்டாவது விதத்தையும் யாராவது உட்கார்ந்து வடிவமைத்தாக வேண்டும்.

முதலில் பிளாஸ்டிக். மாதிரியின் மேலுறையை 3டி பிரிண்டரில் எடுத்திருப்பீர்கள். உற்பத்தியில் இன்ஜெக்ஷன் மோல்டிங், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் (மோல்டு) செலுத்தி வார்ப்பது. அதில் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிகார்பனேட் சுமார் 0.5 முதல் 0.7 விழுக்காடு, பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2.5 விழுக்காடு வரை. பாகம் அச்சிலிருந்து கழன்று வர, சுவர்களுக்குச் சரிவு தேவை. தடித்த இடங்களில் குழி விழும். எஃகு அச்சை வெட்டிய பிறகு உலோகத்தை எடுப்பது எளிது, சேர்ப்பது கடினம். அதனால் நல்ல மோல்டுக்காரர் முக்கியமான அளவுகளில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் வெட்டுவார். இப்போதே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். டிராயிங்கில் கையெழுத்தான பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருமடங்கு வேலை.

அடுத்தது ஸ்டெரிலைசேஷன், அதாவது கிருமி நீக்கம். காமா கதிரா, எத்திலீன் ஆக்சைடு வாயுவா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண பாலிபுரோப்பிலீன் காமாவில் நொறுங்கத் தொடங்கிவிடும். எத்திலீன் ஆக்சைடு என்றால் வாயு உள்ளே போய் வெளியே வர வழி வேண்டும். குழாயிலும் அதை அடைத்து மூடும் உறையான பவுச்சிலும் மிஞ்சும் வாயுவின் அளவையும் சோதித்துக் காட்ட வேண்டும். ஆகவே இந்த முடிவு பிளாஸ்டிக் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுக்க வேண்டியது.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். சில வேலைகளை முடிந்த பொருளைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. வெல்டிங், பசை ஒட்டுதல், பவுச் சீலிங், ஸ்டெரிலைசேஷன் எல்லாம் அப்படித்தான். பிரித்துப் பார்த்தால் பொருள் வீணாகும், பிரிக்காவிட்டால் உள்ளே என்ன என்று தெரியாது. பியோர்க்-ஷைலி கான்வெக்ஸோ-கான்கேவ் இதய வால்வின் கதையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1979இல் சந்தைக்கு வந்து 1986இல் திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. ரத்தம் போகத் திறந்து மூடும் தட்டைப் பிடித்திருந்த இரண்டு கம்பிகளில் ஒன்று வளையத்தோடு ஒரே துண்டு, மற்றது வெல்டு செய்தது. வெல்டு செய்த கம்பி சிலருக்கு உடைந்து, தட்டு கழன்றது. நூற்றுக்கணக்கான வால்வுகள் இப்படி உடைந்தன, பலர் இறந்தார்கள். பின்னால் ஆராய்ந்தபோது வால்வின் அளவு மட்டுமல்ல, வெல்டு செய்யப்பட்ட தேதியும் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்தது தெரியவந்தது. அதாவது டிராயிங் ஒன்றுதான், ஆனால் எப்போது செய்தார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறியது.

அதனால்தான் இத்தகைய வேலைகளுக்கு வேலிடேஷன், அதாவது செய்யும் முறையே ஒவ்வொரு முறையும் சரியான பொருளைத் தரும் என்று முன்கூட்டியே சோதித்து நிரூபிப்பது, கேட்கிறார்கள். உங்கள் பவுச் சீலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையின் கீழ் ஓரத்திலும் மேல் ஓரத்திலும் சீல் போட்டு, பிரித்து, இழுத்து, சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் சோதித்தால் எந்திரம் கொஞ்சம் நகரும் நாளில் என்ன ஆகும் என்பது தெரியாது. அப்புறம் எண்ணிக்கை. 59 எடுத்துச் சோதித்து ஒன்றும் தோற்காவிட்டால், 95 விழுக்காடாவது நன்றாக இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 99 விழுக்காடாவது நன்றாக இருக்கும் என்று சொல்ல 299 வேண்டும். உங்களிடம் இருப்பது ஐந்து மாதிரி. அவை வேலை செய்வது சந்தோஷம், ஆனால் அதிலிருந்து அதிகம் சொல்ல முடியாது.

இந்தச் சோதனைகளை உற்பத்தி மோல்டில், உற்பத்திப் பொருளில், உற்பத்தி ஆபரேட்டர் செய்த பாகங்களில் நடத்துங்கள். பொருள் உடலுக்குத் தீங்கு செய்யாதா என்று பார்க்கும் உயிரிணக்கச் சோதனையும் அப்படியே. நிறமூட்டியை மாற்றினாலோ மோல்டில் தெளிக்கும் பொருளை மாற்றினாலோ பழைய அறிக்கை செல்லுமா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் பொருந்தும். கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், டி தான் அதிக ஆபத்து. ஏ, பி வகுப்புகளுக்கு மாநில அதிகாரி எம்டி-5 உரிமம் தருவார். சி, டி வகுப்புகளுக்கு மத்திய அதிகாரி எம்டி-9 தருவார். சோதனைக்காகச் சிறிய அளவில் செய்யவே எம்டி-13 வாங்க வேண்டும். அந்த விதிகளின் ஐந்தாம் அட்டவணை சொல்லும் தர முறை கிட்டத்தட்ட மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 13485தான். அதைப் பின்பற்றும் தொழிற்சாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் காகித வேலை பெரிய தலைவலியாக இருக்காது.

முதல் சிறு லாட் (ஒரு தொகுதி உற்பத்தி) ஓடும்போது உங்கள் பொறியாளர்களை அசெம்பிளி மேசைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அவர்கள் கை தன்னையறியாமல் உதவிக்குப் போகும். பாகம் இறுகினால் லேசாகத் தட்டிச் சரிசெய்துவிடுவார்கள், அந்தத் தட்டு எந்த வேலைக் குறிப்பிலும் இருக்காது. ஆபரேட்டரிடம் எழுதிய குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பாகத்தைத் திருப்பிப் பிடிக்கிறார் என்று தள்ளி நின்று குறித்துக்கொள்ளுங்கள். பாகம் தலைகீழாகப் பொருந்த முடிகிறது என்றால், ஆபரேட்டரைக் கவனமாக இருக்கச் சொல்வதை விடப் பாகத்தையே மாற்றுங்கள். மோல்டு இன்னும் இறுதியாகாத அந்தக் கட்டத்தில் அது கைக்கெட்டும் செலவுதான்.