சிறு நீர்மின் அணைக்கு மறு உரிமம்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் தனியார் கையிலிருக்கும் நீர்மின் அணைகளுக்கு ஃபெடரல் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் தருகிறது. சுருக்கமாக ஃபெர்க். அந்த உரிமம் நிரந்தரம் கிடையாது. 30 முதல் 50 ஆண்டுக்குள் முடிந்துவிடும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பழைய ஆலை அணைகளில் டர்பைன் மாட்டிப் பலர் வாங்கிய உரிமங்கள் இப்போது வரிசையாகக் காலாவதியாகின்றன. கேள்விகள் குவிவது அதனால்தான். வடகிழக்கு மாநிலங்களில் இந்த வேலையைத்தான் பல வருஷமாகச் செய்கிறேன். சில திட்டங்களில் அணைக்காரர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றில் எதிர்ப்பக்கம்.

நீர்த்தேக்கக் கரையில் வீடு வைத்திருப்பவர்: சார், அணைக் கம்பெனியிடமிருந்து "உரிமம் புதுப்பிக்கப் போகிறோம்" என்று கடிதம் வந்திருக்கிறது. உரிமம் முடிவது 2031 ஜூனில். இவ்வளவு முன்னாலேயே ஏன்?

சட்டம் அப்படி. உரிமம் முடிவதற்கு ஐந்தரை ஆண்டுக்கும் ஐந்து ஆண்டுக்கும் இடையில் அவர்கள் தங்கள் எண்ணத்தை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் அணைக்கு அந்த இடைவெளி 2025 டிசம்பரிலிருந்து 2026 ஜூன் வரை. முழு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் 2029 ஜூன்.

கடிதத்தோடு ஒரு தடித்த ஆவணமும் தாக்கலாகியிருக்கும்: ஆறு, மீன், அணை, டர்பைன் பற்றி இதுவரை தெரிந்த எல்லாம் அதில் இருக்கும். அதைப் படியுங்கள். எதையெல்லாம் ஆராயப் போகிறார்கள் என்பதை விட, எதை ஆராயாமல் விடப் பார்க்கிறார்கள் என்பது அதில் நன்றாகத் தெரியும்.

அவரே: 2031-லும் முடிவு வரவில்லை என்றால்? அணையை மூடிவிடுவார்களா?

மூட மாட்டார்கள். பழைய நிபந்தனைகளோடேயே ஓராண்டு உரிமம் கிடைக்கும், ஆண்டுக்கு ஆண்டு நீளும். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டியவர்களும் உண்டு. பழைய நிபந்தனை லாபமாக இருந்தால் எந்த உரிமையாளருக்கு அவசரம் வரும்?

கயாக் ஓட்டும் நண்பர்: அண்ணா, எங்கள் ஊர் அணைக்குக் கீழே ஒரு மைல் தூரம் வெறும் பாறைதான். தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய்க் கீழே இருக்கும் மின்நிலையத்தில் விடுகிறார்கள். "ஆற்றுக்குத் தண்ணீர் விடுங்கள்" என்று நானும் நண்பர்களும் நாற்பது கடிதம் அனுப்பினோம். ஆணையம் கண்டுகொள்ளவில்லை. என்ன தப்பு?

தப்பு கடிதத்தின் எண்ணிக்கையில் இல்லை, வந்த நேரத்திலும் கேட்ட விதத்திலும் இருக்கிறது.

இந்த ஐந்து ஆண்டு ஓட்டத்தில் சாதாரண ஆளுக்கு அதிகப் பிடி கிடைக்கும் இடம் ஒன்றுதான்: ஆய்வுக் கோரிக்கை வைக்கும் அந்த 60 நாள். 2005-லிருந்து ஒருங்கிணைந்த நடைமுறைதான் இயல்பான வழி. அதில் ஆய்வு கேட்பவர் ஏழு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஆய்வின் நோக்கம் என்ன, ஏற்கெனவே என்ன தகவல் இருக்கிறது, எப்படிச் செய்வது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் போகும். அந்த ஏழில் பலரும் தடுக்கி விழுவது "தொடர்பு" என்ற ஒன்றில். அணை நடத்தப்படும் விதத்துக்கும் நீங்கள் சொல்லும் பாதிப்புக்கும் என்ன தொடர்பு, ஆய்வின் முடிவு உரிம நிபந்தனையை எப்படி மாற்றும் என்று காட்ட வேண்டும்.

"ஆறு செத்துப்போச்சு, காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் அது கருத்து. கோப்பில் கிடக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இப்போது கசிவு நீர் மட்டுமே ஓடுகிறது. விநாடிக்கு 25, 50, 100, 200 கன அடி விட்டு, ஒவ்வொரு அளவிலும் மீன் வாழிடம் எவ்வளவு, கயாக் ஓட்ட முடிகிறதா என்று அளக்க வேண்டும். அணை மதகைத் திறந்தே இந்த அளவுகளை விடலாம், இரண்டு நாள் வேலை." இதைத் தள்ள ஆணைய ஊழியர்கள் காரணம் எழுதியாக வேண்டும். நாற்பது பேர் நாற்பது கடிதம் போடுவதற்குப் பதில் ஒரே ஒரு நல்ல ஆய்வுக் கோரிக்கை போதும்.

சிறு மின்நிலையம் ஒன்றை இயக்குபவர்: தண்ணீர் விடு, தண்ணீர் விடு என்கிறீர்கள். அதனால் எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்துவிடலாம்.

நியூ இங்கிலாந்தில் மத்திய மீன்வளத் துறை 1981-லிருந்து சொல்லும் கோடைக்கால அளவு: நீர்ப்பிடிப்புப் பரப்பில் ஒரு சதுர மைலுக்கு விநாடிக்கு அரை கன அடி. 100 சதுர மைல் நீர்ப்பிடிப்பு என்றால் 50 கன அடி. மெட்ரிக்கில் விநாடிக்கு 1.4 கன மீட்டர். உங்கள் அணையில் தண்ணீர் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்வோம். 9.81-ஐ 1.4-ஆல், 6-ஆல், 0.8-ஆல் பெருக்குங்கள். சுமார் 66 கிலோவாட். ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் ஐந்தே முக்கால் லட்சம் யூனிட். அரை மெகாவாட் நிலையத்துக்கு அது வலிக்கும் தொகைதான்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே கூட்டத்தில் வைக்காதீர்கள், ஹைட்ராலஜி தெரிந்தவர் யாராவது இருந்தால் மானம் போய்விடும். வசந்தத்தில் பனி உருகும்போது டர்பைன் குடிக்க முடியாத தண்ணீர் எப்படியும் கலிங்கு மேல் வழிந்து அந்தப் பாறைக்குத்தான் போகிறது. அந்த வாரங்களில் நஷ்டம் பூஜ்யம். ஆகஸ்டில் வரத்தே 60 கன அடி என்றால், பல டர்பைன்கள் அதற்குச் சுற்றவே சுற்றாது. உண்மையான இழப்பு நடுவில் இருக்கும் மாதங்களில்தான். நாள்வாரி நீரோட்டக் கணக்கை வைத்துப் போட்டால் அந்த ஐந்தே முக்கால் லட்சம் நன்றாகவே இறங்கும். அணையின் காலடியிலேயே ஒரு குட்டி டர்பைன் வைத்து, விட வேண்டிய தண்ணீரிலிருந்தே மின்சாரம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். அந்த வறண்ட துண்டில் எட்டுப் பேர் மார்பளவு ரப்பர் கால்சட்டை போட்டு நின்றோம். அணைக்காரர், மாநில மீன் உயிரியலாளர், மத்திய அரசு ஆள், நான். மேலே மதகைக் கொஞ்சம் தூக்கினார்கள். அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பாறை இடுக்குகளில் தண்ணீர் சத்தமில்லாமல் கோர்த்துக்கொண்டு வந்தது. 20 கன அடியில் குழிகள் மட்டும் நிறைந்தன. 40-இல் குழிக்குக் குழி ஓடை சேர்ந்தது. 80-இல் அளவுகோலைப் பிடித்திருந்த பையனால் நிற்க முடியவில்லை. மூன்று வருஷமாகக் காகிதத்தில் சண்டை போட்டவர்கள் அன்று மதியம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே 45-க்கு ஒத்துக்கொண்டார்கள். அணைக்காரரும்தான். குழிகள் இணைவதை அவரும் கண்ணால் பார்த்தார்.

சட்டம் படிக்கும் மாணவி: ஃபெர்க் சொன்னால் முடிந்ததா? மாநில அரசுக்குப் பங்கு இல்லையா?

உண்டு, சில இடங்களில் ஃபெர்க்கை விடப் பலமான பங்கு. சுத்த நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவின்படி மாநிலம் நீர்த்தரச் சான்று தர வேண்டும். அது மறுத்தால் உரிமமே இல்லை. நிபந்தனையோடு தந்தால் அந்த நிபந்தனையை ஃபெர்க் மாற்ற முடியாது. வாஷிங்டன் மாநில வழக்கொன்றில் 1994-இல் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்ச நீரோட்டத்தையும் மாநிலம் இதில் விதிக்கலாம் என்றது. 2006-இல் மேய்ன் மாநிலத்தின் பிரெசம்ப்ஸ்காட் ஆற்று அணைகள் வழக்கில், அணை வழியே போகும் தண்ணீரும் அந்தச் சட்டம் சொல்லும் "வெளியேற்றம்"தான், சான்று வாங்கியே தீர வேண்டும் என்றது.

ஒரு கெடு உண்டு. மாநிலம் ஓராண்டுக்குள் முடிவெடுக்காவிட்டால் அந்த உரிமையை இழக்கும். அந்தக் கெடுவைத் தள்ளிப்போட, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மறுபடி கொடுப்பதை ஆண்டுதோறும் இரு தரப்பும் பேசிவைத்துச் செய்துவந்தார்கள். 2019-இல் கிளாமத் ஆற்று அணைகள் சம்பந்தமான ஹூபா பழங்குடி வழக்கில் நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது.

ஃபெடரல் மின்சாரச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், மீன்கள் அணையைத் தாண்டிப் போக வழி அமைக்கச் சொல்லும் அதிகாரம் மத்திய மீன்வளத் துறைகளுக்கு. அதுவும் ஃபெர்க்கால் தட்ட முடியாதது.

மீன்பிடிப்பவர்: எங்கள் ஆற்றில் சால்மனும் இல்லை, ஷாடும் இல்லை. மீன் ஏணி யாருக்கு?

விலாங்குக்கு. அமெரிக்க விலாங்கு சர்காசோ கடலில் பிறந்து ஆறேறி வருகிறது, பல வருஷம் ஆற்றில் வளர்ந்துவிட்டு முட்டையிட அதே கடலுக்குத் திரும்புகிறது. கோடை இரவில் டார்ச் அடித்து அணையின் ஓரத்தைப் பாருங்கள்: கசிவில் நனைந்த பாசிச் சுவரில் விரல் நீளக் குட்டிகள் செங்குத்தாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஏறுவதற்கு அவற்றுக்கு முள்முள்ளாய்ப் பரப்பிய ஈரச் சரிவு போதும், செலவு குறைவு.

இறங்குவதுதான் சிக்கல். இலையுதிர் கால மழை இரவுகளில் கை நீளத்துக்கு மேல் வளர்ந்த பெண் விலாங்குகள் கூட்டமாக இறங்கும், நேரே டர்பைனுக்குள். முக்கால் அங்குல இடைவெளியில் தடுப்புக் கம்பி, அல்லது அந்த இரவுகளில் டர்பைனை நிறுத்துவது: இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். கம்பி நெருங்க நெருங்க இலை அடைக்கும், அக்டோபரில் அதை வாரி வாரிக் கை ஓய்ந்துபோகும். கேட்டுப் பாருங்கள், மேலே கேள்வி கேட்ட மின்நிலையக்காரர் சொல்வார்.

மாணவி மறுபடி: அணையே இல்லாத ஆற்றோடு ஒப்பிட்டுத்தானே பாதிப்பைக் கணக்கிட வேண்டும்?

இல்லை. இன்றைய நிலைதான் அடிப்படை என்கிறது ஃபெர்க்; 1999-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் கடந்த காலப் பாதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விடவும் முடியாது. அலபாமாவின் கூசா ஆற்று உரிமத்தை 2018-இல் நீதிமன்றம் ரத்து செய்ததில் அதுவும் ஒரு காரணம்.

இன்னொருவர்: உரிமையாளர் விரும்பாவிட்டாலும் அணையை இடிக்கச் சொல்ல முடியுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. மேய்னில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணை 1837-இல் கட்டியது, வெறும் 3.5 மெகாவாட். 1997 நவம்பரில் ஃபெர்க் மறு உரிமம் மறுத்து அகற்றச் சொன்னது. உரிமையாளர் விருப்பத்துக்கு எதிராக அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. 1999 ஜூலை 1 அன்று உடைத்தார்கள். செலவைக் கொடுத்தவர்கள் மேலாற்று அணைக்காரர்களும் கீழே இருந்த ஒரு கப்பல் கட்டும் நிறுவனமும். உத்தரவோடு நின்றிருந்தால் இன்னும் வழக்கில் கிடந்திருக்கும், சமரசம்தான் வேலையை முடித்தது.

மற்றபடி, அணைகள் போவது பெரும்பாலும் உத்தரவால் இல்லை, கணக்கால். மீன் வழிக்கு ஆகும் செலவு மின்சார வருமானத்தைத் தாண்டினால் உரிமையாளரே உரிமத்தை ஒப்படைப்பார். வாஷிங்டனில் வைட் சால்மன் ஆற்றின் கான்டிட் அணை 2011-இல் போனது அப்படித்தான்.

வேறொருவர்: 10 மெகாவாட்டுக்குக் கீழே உரிமத்திலிருந்து விலக்கு உண்டாமே?

உண்டு. 2013 சட்டம் வரம்பை 5-இலிருந்து 10 மெகாவாட்டாக உயர்த்தியது. விலக்குக்குக் காலாவதி கிடையாது. ஆனால் மீன்வளத் துறைகள் விதிக்கும் நிபந்தனை எல்லாவற்றையும் ஏற்றாக வேண்டும், பேரம் கிடையாது. நிம்மதி என்று நினைத்து அதில் நுழையாதீர்கள்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்: மீன் சரி. அணை உடையாதா?

பாதுகாப்பு உரிமப் புதுப்பிப்புக்குக் காத்திருக்காது, அது தனித் தடத்தில் தொடர்ந்து ஓடும். ஆபத்து அதிகமான அணையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளிப் பொறியாளர் பரிசோதிக்க வேண்டும்.

மிஷிகனில் ஈடன்வில் அணை பெருவெள்ளத்தைத் தாங்கும் கலிங்கைக் கட்டவில்லை என்று 2018 செப்டம்பரில் ஃபெர்க் உரிமத்தைப் பறித்தது. அத்தோடு பொறுப்பு மாநிலத்துக்கு மாறியது. அணையோ அங்கேயே நின்றது. 2020 மே 19 அன்று அது உடைந்து, கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போனது. சுமார் பத்தாயிரம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதிலும், தண்ணீர் மேலேறி வழிந்ததால் உடையவில்லை. கரையின் இளகிய மணல் வலுவிழந்து சரிந்தது. எல்லாரும் கலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆபத்து மண்ணுக்குள் இருந்தது. அதனால் உங்கள் அணை பற்றிக் கேட்கும்போது கரை எப்போது, எதனால் கட்டப்பட்டது என்றும் கேளுங்கள்.

கயாக் நண்பர்: கடைசியில் உரிமம் எங்களுக்குப் பாதகமாக வந்தால் வழக்குப் போடலாமா?

கருத்து மட்டும் அனுப்பியிருந்தால் முடியாது. கெடுவுக்குள் தரப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும், உத்தரவு வந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் நீதிமன்றம். தரப்பினராகச் சேர வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

முதலில் கேட்டவர்: சார், ஒரே ஒரு கவலை. புது உரிமத்தில் எங்கள் நீர்த்தேக்க மட்டம் இறங்கிவிடுமா? படகுத்துறை சேற்றில் நிற்குமே.

வருகிற தண்ணீரை அப்படியே விடும் முறை வந்தால் உங்களுக்கு நல்லதுதான், இன்றைய ஏற்ற இறக்கம் குறையும். மட்டம் இறங்கும் நாள் ஒன்று வரும்: மட்டத்தை உயர்த்தக் கலிங்கு மேல் நிறுத்தியிருக்கும் மரப்பலகைகள் வெள்ளத்தில் சாய்ந்த பிறகு, அவற்றைத் திரும்ப மாட்டும்போது. பிறகு நிரப்பும்போது வரத்தில் 90 சதவீதத்தைக் கீழே விட்டு 10 சதவீதத்தை மட்டும் தேக்கச் சொல்வது வழக்கமான நிபந்தனை. கோடையில் அதற்கு நாள் பிடிக்கும். பலகை மாற்றுவதை எந்த மாதத்தில் செய்வார்கள் என்று இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.