மருந்துக்கடையில் ஏன் மறுத்தார்கள்?

கேள்வி: இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில் எடுத்துவரும் என் தந்தையின் மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக் கேட்டேன். மருந்தாளுநர் தர மறுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். இது அவருடைய வேலையா?
– வாசகி, திருச்சி

பதில்: அவருடைய வேலையேதான். டைக்ளோஃபெனாக் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதோடு, எனலாப்ரிலுடன் சேரும்போது, அதிலும் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையும் உடன் இருந்தால், சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் கூடுவதால், சீட்டில்லாமல் கேட்ட உங்களை அவர் திருப்பியனுப்பியது சரியே. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்குவதையும் மருந்தாளுநரின் பொறுப்பாகவே 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் கொண்டுள்ளன. மாதந்தோறும் வருபவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டதை முதலில் கவனிக்கக்கூடியவரும் அவரே. அடுத்த முறை, நாட்டு மருந்து உட்பட, தந்தை சாப்பிடும் அனைத்தையும் அவரிடம் காட்டுங்கள்.