பிரித்து வைத்துப் பார்த்தீர்களா? நியூரான் ஒத்திசைவு பற்றிச் சில கேள்விகள்

நேரிலா இயக்கவியலில் முப்பது வருடம் உழன்றவன் என்பதால் என்னிடம் கேட்கச் சொன்னார்கள். ஒத்திசைவு என்றால், தனித்தனித் தாளத்தில் ஆடுபவை இடையிலுள்ள இணைப்பால் ஒன்றாகச் சேர்வது; நியூரான் என்பது நரம்புச் செல். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியர்: ஒத்திசைவைப் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்து காட்டுவது?

இரண்டு காலி குளிர்பான டின்களைப் படுக்கவைத்து, மேலே லேசான பலகை. பலகைமேல் இரண்டு மெட்ரோனோம் (இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் ஊசல் கருவி). வேகத்தை ஏறக்குறைய ஒன்றாக வைத்து, வெவ்வேறு நேரத்தில் தட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சேர்ந்து ஆடும். அசையும் பலகைதான் இரண்டுக்கும் இடையில் தூது போகிறது. 1665இல் டச்சு அறிவியலாளர் ஹாய்கன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது இரண்டு ஊசல் கடிகாரங்களில் இதைத்தான் பார்த்தார். அவை எதிரெதிராக ஆடின, அதுவும் ஒத்திசைவுதான். அப்புறம் பலகையைத் தரையில் வைத்து மறுபடி செய்யுங்கள். பிரிந்துவிடும். இந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதுகலை மாணவி: சார், குராமோட்டோ மாதிரியில் 50 அலைவிகள் வைத்தேன். இணைப்பு வலிமை K குறைவாக இருக்கும்போதும் r பூஜ்யம் ஆகவில்லை. நிரலில் தப்பா?

தப்பில்லை அம்மா. மற்றவர்களுக்காக: குராமோட்டோ மாதிரி என்பது, சொந்த வேகத்தில் சுழலும் பல அலைவிகள் ஒன்றையொன்று இழுப்பதைக் கணக்கிடும் சமன்பாடு. r என்பது அவை எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்ற அளவு: பூஜ்யம் என்றால் சிதறல், ஒன்று என்றால் முழுச் சேர்க்கை. r பூஜ்யம் என்பது எண்ணற்ற அலைவிகளுக்குத்தான். N அலைவிகள் இருந்தால் சும்மாவே வர்க்கமூலம் N-இல் ஒரு பங்கு அளவு r மிஞ்சும். 50க்கு அது சுமார் 0.14. 5000 போட்டால் 0.014.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது, K-வை மெல்ல ஏற்றினால் ஏன் வெகுநேரம் ஒன்றும் நடக்காமல் ஒரு புள்ளியில் r கிளம்புகிறது என்பது. ஒவ்வொரு அலைவிக்கும் சொந்த வேகம் உண்டு. கூட்டம் அதை இழுக்கும் பலம் K × r. கூட்டத்தின் சராசரியிலிருந்து அதன் வேகம் விலகும் அளவு இந்தப் பலத்துக்குள் இருந்தால்தான் அது மாட்டும். மாட்டியவை r-ஐக் கூட்டும், கூடிய r இன்னும் சிலவற்றை இழுக்கும். K போதாதபோது இந்தச் சுழற்சி பிடிக்காது. வேகங்கள் லோரன்ட்ஸ் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் மெல்லத் தேயும் மணி வடிவில்) இருந்தால், அதன் அரை அகலத்தைப் போல் இரண்டு மடங்கு K வேண்டும். 2000 ஜூனில் லண்டன் மில்லெனியம் பாலம் மேலே கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது இதே கதைதான்.

ஆனால் நியூரானுக்கு இதை அப்படியே போட வேண்டாம். தானாகத் தாளமாகத் துடிக்கும் நியூரான்கள் பலவீனமாக இணைந்திருந்தால்தான் செல்லும். தூண்டினால் மட்டும் துடிக்கும் நியூரானுக்கு, ஒரு நியூரானின் மின்துடிப்பையே கணக்கிடும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி அல்லது ஃபிட்ஸ்ஹியூ–நகுமோ சமன்பாடுகளுக்குப் போங்கள். அங்கே ஒரு வேடிக்கை: தூண்டும் இணைப்புதான் சேர்க்கும், அடக்கும் இணைப்பு பிரிக்கும் என்று தோன்றும். சமிக்ஞை மெதுவானால் பல நேரம் தலைகீழ்.

வாசகர்: மூளையின் இரு பாதிகளையும் ஒத்திசைக்கும் செயலி வாங்கலாமா?

காசு மிச்சம் பிடியுங்கள்.

இன்னொருவர்: தியானத்தின்போது எடுத்த ஈஈஜி (தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின் அலைகளை அளப்பது) பதிவில் எல்லா மின்முனையிலும் ஒரே அலை. இது ஒத்திசைவுதானே?

பிரித்து வைத்துப் பார்த்தீர்களா? எல்லா மின்முனையும் ஒரே பொது முனையை ஒப்பிட்டுத்தான் அளக்கின்றன. அந்த முனை துடித்தால் எல்லாமே சேர்ந்து துடிக்கும். ஆளுக்கொரு தாளம் இருக்க வேண்டும், இடையில் இணைப்பு இருக்க வேண்டும், அதை வெட்டினால் விலக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

வேறொருவர்: தம்பிக்கு வலிப்பு. ஒத்திசைவைக் குறைத்தால் மருந்தை விடலாமா?

விடக்கூடாது. நான் மருத்துவன் இல்லை. நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள்.

சிமேரா நிலை என்றால்?

ஒரே மாதிரி அலைவிகள், ஒரே மாதிரி இணைப்பு, ஆனாலும் பாதி சேர்ந்து ஆடும், பாதி தாறுமாறாக ஆடும். 2002இல் குராமோட்டோவும் பாட்டோக்டோக்கும் காட்டினார்கள், பெயர் 2004இல் வந்தது. டால்பினின் பாதி மூளை உறங்குவதை உவமையாகச் சொல்வார்கள். உவமை மட்டும்தான்.

செயலி பற்றி மேலும் மூவர்.

மேலே பார்க்கவும்.

கட்டுமானப் பொறியாளர்: பாலம் பற்றி நீங்கள் சொன்னது பழைய கதை சார்.

2005இல் நேச்சர் இதழிலேயே வந்த விளக்கம். நடப்பவர்களின் காலடி ஒத்துப்போனதால்தான் பாலம் ஆடியது. பழசானால் தப்பா?

அதே பொறியாளர்: வடிவமைத்தவர்கள் ஆட்களை நடக்கவிட்டு அளந்து 2001லேயே வெளியிட்டார்கள். ஓர் எண்ணிக்கை வரை ஒன்றுமில்லை, சுமார் 160 பேரைத் தாண்டியதும் ஆட்டம். ஆடும் தளத்தில் விழாமல் இருக்க ஒவ்வொருவரும் காலை அகட்டி வைக்கும்போது, யாரோடும் சேராமலே, ஆட்டத்துக்கு ஆற்றல் ஏற்றுகிறார். தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் தன்மை, எதிர்மறையாகி ஆட்டத்தை வளர்க்கிறது. 2021இல் இதை மாதிரியாக்கி, ஒத்திசைவு இல்லாமலே ஆட்டம் தொடங்கும் என்று காட்டினார்கள்.

திடீரென்று கிளம்பும் அந்த எண்ணிக்கையே ஒத்திசைவின் அடையாளமாயிற்றே!

பொறியாளர்: தணிப்பு பூஜ்யத்தைத் தாண்டினாலும் திடீரென்றுதான் கிளம்பும். காலடி ஒத்துப்போனது ஆட்டத்துக்கு அப்புறமா, முன்பா? நீங்கள் பிரித்து வைத்துப் பார்த்தீர்களா?

இல்லை. சரி, மாணவிக்கு எழுதிய பதிலில் பாலத்தை அடித்துவிடுகிறேன். மெட்ரோனோம் மட்டும் இருக்கட்டும்.