தூத்துக்குடி தேரா!

கேள்வி: எங்கள் தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்குப் போனார். ஊர் திரும்பிய பிறகு கடைசிவரை நன்னிலம் பக்கத்தில் வயலும் வரப்புமாக இருந்துவிட்டார். 'கசீனோ மலை' என்று அடிக்கடி சொல்வார். அங்கே பிள்ளைகள் கைகோத்துச் சுற்றும்போது பாடுவது என்று எங்களுக்கு ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார்:

ஜீரோ ஜீரோ தோந்தி,
காசுக்கு முந்து,
காசுக்கல் ஏறா,
தூத்துக்குடி தேரா!

'தேரா' என்றதும் எல்லாரும் தொப்பென்று உட்கார வேண்டும். பெங்களூரில் இருக்கும் என் பேத்திக்கு இப்போது நாலு வயது. மாப்பிள்ளை போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க பாடுறதுல ஒரு வார்த்தைகூட சரியில்லை" என்கிறார். பேத்திக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருவாரூர்

பதில்: ஒரு வார்த்தைகூட என்பது அநியாயம். 'ஜீரோ ஜீரோ' சுத்தமாக இருக்கிறதே! அது சைபர் இல்லை, 'சுற்று'. இத்தாலியில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற பாட்டு இது: 'ஜீரோ ஜீரோ தோந்தோ, காஸ்கா இல் மோந்தோ, காஸ்கா லா தெர்ரா, தூத்தி ஜூ பெர் தெர்ரா.' வட்டமாகச் சுற்று, உலகம் விழுது, பூமி விழுது, எல்லாரும் கீழே தரையில். நம் தட்டாமாலைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

தாத்தா சரியாகத்தான் பாடியிருப்பார். திருத்தியது உங்கள் காது. 'காஸ்கா இல் மோந்தோ'வை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'காசுக்கு முந்து' தானாக வந்து நிற்கும். 'தெர்ரா' என்றால் மண். ஆழித்தேர் ஓடுகிற ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அது தேராகத்தான் கேட்கும். 'தூத்தி' தூத்துக்குடிக்குப் போனதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். வார்த்தை எல்லாம் ஊர் மாறியும், கடைசி வரியில் தொப்பென்று விழுவதை மட்டும் யாரும் விடவில்லை பாருங்கள்.

என் கதையையும் கேளுங்கள். என் அப்பத்தா பினாங்கில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தவர். பல்லாங்குழியில் சோழியை மலாய் மொழியில்தான் எண்ணுவார். நாங்களும் எண்ணினோம்: 'சத்து, துவா, தீகா, அம்பது.' மூன்றுக்கு அடுத்து ஐம்பது எப்படி வரும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போன திமிரில் நான்தான், 'அது எம்பாட், நாலு என்று அர்த்தம்' என்று திருத்தினேன். அதோடு வீட்டில் அந்த எண்ணிக்கையே நின்றுபோனது. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம்தான்.

அதனால் பேத்திக்கு உங்கள் பாட்டையே சொல்லிக்கொடுங்கள். மாப்பிள்ளை அசலைச் சொல்லிக்கொடுக்கட்டும், சண்டை வேண்டாம். நாலு வயதுக்கு இரண்டும் கொள்ளும். ஒரு நோட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுதி வையுங்கள், யார் யாரிடம் கேட்டது என்பதோடு. தாத்தா சொன்ன கசீனோவையும் எழுதுங்கள். 1944 பிப்ரவரியில் இந்தியப் படையின் 4-வது டிவிஷன் ஏறப் பார்த்த மலை அது. உச்சியில் பழைய மடாலயம், அதையும் குண்டு போட்டு இடித்திருந்தார்கள். கண்ணிவெடி எடுப்பதும், பாறையை உடைத்துப் பாதை போடுவதும் சாப்பர்கள் வேலை. 'உலகம் விழுது' என்று பிள்ளைகள் பாடியதை அங்கே இருந்தவர் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

பேத்தி பெங்களூரில்தானே இருக்கிறாள்? மெட்ராஸ் சாப்பர்ஸ் தலைமையகம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது வெளியில் இருந்தாவது காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா யாராவது இருந்தால் அவர்களையும் பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். மூன்றாவது வரி அவர்களிடம் வேறாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். தொப்பென்று உட்காரும் வேலையை மட்டும் பேத்தியிடம் விட்டுவிடுங்கள். நம் முட்டிக்கு அது ஆகாது.