பெங்களூரில் ஊழியர்களைப் பாதுகாப்பாக வண்டி ஓட்ட வைக்க அலுவலகம் என்ன செய்யலாம்?

சுவரில் போஸ்டர் ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது என்பது என் எண்ணம். முதலில் காலை ஒன்பது மணி மீட்டிங்கைத் தள்ளி வையுங்கள். சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டவர், தாமதத்துக்குப் பயந்துதான் இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்.

அப்புறம், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை மேனேஜர் போனில் அழைக்கக் கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி திரையைப் பார்த்தால், வண்டி சுமார் 33 மீட்டர் பார்க்காமலே ஓடியிருக்கும். ப்ளூடூத் இருக்கிறதே என்பார்கள். கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில்தானே இருக்கும்?

ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி கட்டாயம். லிஃப்ட் கேட்டுப் போகிறவர்களுக்காக வரவேற்பறையில் நாலைந்து ஐஎஸ்ஐ ஹெல்மெட் வைக்கலாம். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சொக்குபவரை பைக்கில் அனுப்பாமல் கேபில் ஏற்றிவிடுங்கள்.