காகம் உங்களை மட்டும் ஏன் கொத்துகிறது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்து நாளாக மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால், ஒரு காகம் பின்னாலிருந்து பறந்து வந்து தலையில் அடித்துவிட்டுப் போகிறது. கணவர் போனால் ஒன்றும் செய்வதில்லை. மாடி வீட்டுப் பெண் போனாலும் இல்லை. இவர் தலை தெரிந்தாலே பக்கத்து வேப்பமரத்தில் கத்தல் ஆரம்பமாகிவிடுகிறது. புடவைக்குப் பதில் சுடிதார் போட்டுப் போனார், தலையில் துண்டு கட்டிக்கொண்டும் போனார், பயனில்லை. மாமியார் சனி தோஷம் என்கிறார். சனிக்கிழமை கோயிலில் எள் தீபம் ஏற்றியாகிவிட்டது. "அந்தக் காகத்துக்கு என்னை உண்மையிலேயே அடையாளம் தெரியுமா? எனக்கு ஏதாவது கெட்டது வரப்போகிறதா? கூட்டைக் கலைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தெரியும். வராது. கூட்டைத் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "இரண்டு வாரம் முன்னால் ஒரு காக்காய்க் குஞ்சு மாடியில் விழுந்து கிடந்தது, பூனை தூக்கிவிடும் என்று எடுத்துக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் செய்தது உதவி. மரத்தில் உட்கார்ந்து பார்த்த தாய்க்குத் தெரிந்தது வேறு. பெரிய உருவம் ஒன்று தன் குஞ்சைக் கையில் பிடித்தது, அவ்வளவுதான். அந்த நிமிடமே உங்கள் முகத்தை அது மனதில் வைத்துக்கொண்டது.

இதை முதலில் விளக்கமாகக் கவனித்தவர்களில் ஒருவர் கொன்ராட் லோரன்ஸ். ஆஸ்திரியாக்காரர், விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர். தன் வீட்டில் ஜாக்டா என்ற பறவைகளை வளர்த்தார். காக்கைக் குடும்பத்தில் சிறிய உருவம் கொண்டவை அவை. ஒருநாள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர், பையிலிருந்து ஈரமான கறுப்பு நீச்சல் உடையை வெளியே இழுத்தார். அடுத்த நொடி, அவரோடு அத்தனை பழகியிருந்த பறவைகளே அவர் கையைக் கொத்தத் தொடங்கிவிட்டன. கறுப்பாக, தொளதொளவென்று கையில் தொங்குகிற எதுவும் அவற்றின் கண்ணுக்குப் பிடிபட்ட இன்னொரு ஜாக்டாதான். அவர் கவனித்த இன்னொன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிறகு முளைக்காத குஞ்சுகளை அவர் எடுத்துப் பார்த்தபோதெல்லாம் பெற்றோர் சும்மா இருந்தன. குஞ்சுகளுக்குக் கறுப்பு இறகு வந்த பிறகு அதே கையைத் தாக்கின. நீங்கள் எடுத்தது இறகு முளைத்த குஞ்சு.

சரி, முகம் எப்படி நினைவிருக்கும்? அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006இல் தொடங்கிய சோதனை இதற்கு நேரடியான பதில். அவரும் மாணவர்களும் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள். அது அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகம். அதைப் போட்டவர்கள் எந்தக் காகத்தையும் தொடவில்லை. பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பார்த்தார்கள். குகை மனிதன் முகத்தைக் கண்டால் காகங்கள் கூட்டமாகக் கத்தின, செனி முகத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. முகமூடிக்கு மேல் தொப்பி போட்டும் ஏமாற்ற முடியவில்லை. தலைகீழாக மாட்டிக்கொண்டு போனபோது சில காகங்கள் தாமும் தலையைத் திருப்பிப் பார்த்தனவாம்.

புடவை மாற்றியும் துண்டு கட்டியும் பயன் இல்லாமல் போனது ஏன் என்று இப்போது புரியும். அது பார்ப்பது உங்கள் துணியை இல்லை.

அதைவிட வியப்பானது அப்புறம் நடந்தது. பிடித்தது ஏழு காகங்களைத்தான். இரண்டு வருடம் கழித்து மார்ஸ்லஃப் அந்த முகமூடியோடு வளாகத்தைச் சுற்றியபோது, எதிர்ப்பட்ட 53 காகங்களில் 47 அவரைத் திட்டின. பிடிபடாதவையும், அந்தச் சம்பவத்தின்போது பிறந்தே இருக்காதவையும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகளில் இந்தச் செய்தி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருந்தது. அது அமெரிக்கக் காகம். நம் வீட்டுக் காகமும் அண்டங்காக்கையும் அதே பேரினம். வேப்பமரத்தில் ஒன்று கத்தினால் நான்கு சேர்ந்து கத்துவதற்கு இதுதான் காரணம். உங்களைப் பற்றி அங்கே தகவல் போய்க்கொண்டிருக்கிறது.

இதைப் படித்து வருடக் கணக்கில் அடி விழுமோ என்று பயப்படாதீர்கள். நினைவு வைத்திருப்பது வேறு, தாக்குவது வேறு. பாய்ந்து வந்து அடிப்பது பெரும்பாலும் கூட்டிலோ பக்கத்திலோ குஞ்சு இருக்கும்போது மட்டுமே. வீட்டுக் காகம் சுமார் 16, 17 நாள் அடைகாக்கும். குஞ்சு மூன்று நான்கு வாரம் கூட்டில் இருக்கும். வெளியே வந்த பிறகும் சில வாரம் பெற்றோரே ஊட்டுவார்கள். உங்கள் குஞ்சு வெளியே வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, பெரும்பகுதி கடந்துவிட்டீர்கள். அடுத்த வருடம் உங்களைப் பார்த்து மரத்திலிருந்து கொஞ்சம் கத்தலாம், அது போகட்டும். உலகம் முழுக்க இது நடக்கிறது. கனடாவின் வான்கூவர் நகரத்தில், எந்தத் தெருவில் காகம் அடிக்கிறது என்று மக்களே குறித்து வைக்க 2016இல் ஓர் இணைய வரைபடமே உருவானது.

வேப்பமரத்தில் விடியற்காலையிலிருந்து குயில் கூவுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் இந்தக் கதையில் சேர்த்திதான். கூவுவது ஆண் குயில், கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். அது காக்கைக் கூட்டின் பக்கம் வந்து கத்தும். காகம் விரட்டிக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண் குயில் கூட்டுக்குள் முட்டை இட்டுவிடும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். ஐரோப்பியக் குயில் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் தள்ளி வெளியே உருட்டிவிடும். நம் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்யாது, காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். சிறு வயதில் அதுவும் கறுப்புதான். அதனால் நீங்கள் எடுத்து வைத்தது குயில் குஞ்சாகக்கூட இருக்கலாம். காகத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை. தன் கூட்டில் வளர்ந்தது தன் பிள்ளை என்று நினைத்தே உங்கள் தலையில் அடிக்கிறது. எனக்கு இதைக் காட்டிலும் மனதைத் தொடும் காட்சி பறவை உலகத்தில் அதிகம் இல்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாடிக்குப் போகும்போது குடை பிடித்துக்கொள்ளுங்கள். இதைவிட எளிய வழி கிடையாது. முடிந்தால் துணியை இருட்டிய பிறகு எடுங்கள், அதற்குள் காகங்கள் அடைந்துவிடும். குடை இல்லாத நேரத்தில் காகம் இருக்கும் பக்கம் முகத்தைக் காட்டியபடி நடங்கள். காகம் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்தே வரும், பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை நேருக்கு நேர் அடிக்கத் தயங்கும். (சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போனவர்கள் 1986 முதல் பின்னந்தலையில் மனித முகமூடி கட்டிக்கொண்டு போய்ப் புலியைக் கொஞ்ச காலம் தள்ளி வைத்தார்கள். அதுவும் இதே கணக்குதான்.) கல் எறிவது, கம்பு வீசுவது, கத்துவது எதுவும் வேண்டாம். உங்கள் முகத்தின் மேல் இருக்கும் புகாருக்கு அது இன்னொரு சாட்சியாகிவிடும். இன்னும் ஒன்று, ஈரமான கறுப்புத் துணியை இந்தச் சில வாரம் மாடியில் உதறாதீர்கள். லோரன்ஸின் நீச்சல் உடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகம் கீறியிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். வெறிநோய் பயம் வேண்டாம், அது பாலூட்டிகள் கடித்துப் பரவும் நோய். ஆனால் பல காகங்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

கூட்டைக் கலைத்தால் தொல்லை முடியாது. பல சமயம் அருகிலேயே மறுபடி கட்டி, முட்டையிலிருந்து எல்லாம் தொடங்கும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கூடும். காகம் முன்பு வனவிலங்குச் சட்டத்தில் தொல்லை உயிரினப் பட்டியலில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி ஒரு குஞ்சு விழுந்து கிடந்தால், முதலில் அதன் இறகைப் பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்திப் போனால் அது விழுந்ததே இல்லை, பறக்கப் பழகுகிறது. பூனையை விரட்டிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் குடைக்குள் நின்று, ஒரு துண்டால் மூடி எடுத்துத் தாழ்ந்த கிளையில் வைத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு, உங்கள் காகமே அதற்குச் சாட்சி.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். எள் தீபமும் அமாவாசைச் சோறும் அவர் நம்பிக்கை, அதில் ஒரு தவறும் இல்லை. சோற்றைக் காகங்களுக்கு எப்போதும் வைக்கும் இடத்திலேயே வையுங்கள், கோடையில் பக்கத்தில் ஒரு மண் தட்டில் தண்ணீரும். ஆனால் இப்போதைக்கு அவர் கையால் வைக்கட்டும். குஞ்சு நன்றாகப் பறந்த பிறகு நீங்கள் வைக்கத் தொடங்குங்கள். மார்ஸ்லஃப் குழுவே காகங்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பிடித்த ஆளின் முகத்துக்கும் சாப்பாடு போட்ட ஆளின் முகத்துக்கும் மூளையில் வெவ்வேறு இடங்கள் வேலை செய்தன. நல்ல முகத்தையும் அது பிரித்து வைத்துக்கொள்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வைத்ததும் நகர்ந்துவிடுங்கள். அதுவரை துணியை உங்கள் கணவர் காயப்போடட்டும்.